பதினெட்டாம் வளைவில் உடைந்த தேங்காய்

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, டிக்கெட் வாங்காமல், என் பக்கத்தில் உட்கார்ந்தது.

கதை விடவில்லை. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில், சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாயங்கால பஸ்ஸில் இது தினமும் நடக்கிற காரியம். அடிவாரம் வரைக்கும் வெளியே வெயில் இருக்கும், ஹாரன் இருக்கும், சிமென்ட் விளம்பரம் இருக்கும். நாலாவது வளைவில் மரங்கள் மட்டும். ஏழாவது வளைவில் மரங்களும் போய்விடும். அப்புறம் பஸ் என்பது வெள்ளைக்குள் மிதக்கிற ஒரு மஞ்சள் அறை. டீசல் வாசனை, நனைந்த கம்பளியின் வாசனை, யாருடைய கூடையிலிருந்தோ கிளம்புகிற கதம்ப வாசனை. டிரைவர் ஸ்டீரிங்கைச் சுழற்ற, எல்லோரும் சேர்ந்து இடது பக்கம் சாய்வோம். பிறகு எல்லோரும் சேர்ந்து வலது பக்கம். ஒரே கனவை ஒரே நேரத்தில் காண்கிறவர்கள் மாதிரி.

அன்றைக்கு முன் சீட்டில், கதவுக்குப் பக்கத்தில், ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். காதுக்கு மேலே சுருட்டிவிட்ட மங்கி குல்லா, முகத்தில் மாஸ்க், மடியில் புத்தம்புது பிளாஸ்டிக் கவர். அதை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றாள் பூங்கொடி அக்கா, என் காதோரமாக.

"எட்டு தாண்டாது கண்ணு" என்றார் பின் சீட்டு சரசக்கா. ஏற்காட்டில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவர். "காதைப் பாரு. வெளுத்துக் கெடக்குது."

நான் பதினாலு என்றேன்.

டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர் மணி அண்ணன், குனிந்து மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் பத்துன்னு வெச்சுக்கோங்க."

தேங்காய் விளையாட்டு

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. கீழேயிருந்து வருகிறவர்களில் தினம் ஒருவருக்காவது வயிறு புரண்டுவிடும்.

அதை நாங்கள் வாந்தி என்று சொல்வதில்லை. அடிவாரத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் புது வண்டிக்காரர்கள் மலையேறுவார்கள். அதைப் பார்த்து எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ, எங்கள் பஸ்ஸில் வாந்தி எடுப்பதற்குப் பெயர் தேங்காய் உடைக்கிறது. "அந்த நீலச் சட்டை எதுல ஒடைப்பாரு?" "ஒடச்சுட்டாரா?" "கல்யாணப் பொண்ணாட்டம் தலை குனிஞ்சுட்டாரு, இதோ ஒடைக்கப் போறாரு பாருங்க!"

யார் சொன்ன எண்ணில் உடைகிறதோ அவருக்கு, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் மற்றவர்கள் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். மாரமங்கலம் பக்கம் போகிற அடுத்த பஸ்ஸுக்காக நிற்கிற குளிருக்கு அந்த பஜ்ஜியைப் போல ஒன்று கிடையாது.

ஆட்டத்துக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. தேங்காய் உடைவதற்கு முன்னால் யாரும் உதவக் கூடாது. உடைந்த பிறகு எங்களைப் போல அன்பானவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் பாட்டில் ஒருத்தர் நீட்டுவார், எலுமிச்சை ஒருத்தர் தருவார், ஜன்னல் சீட்டை விட்டு ஒருத்தர் எழுந்து நிற்பார், ஒருத்தர் முதுகைத் தடவிவிடுவார். முன்னால் மட்டும் கூடாது. முன்னால் உதவினால் ஆட்டம் கெட்டுவிடும்.

பூங்கொடி அக்கா என் பெரியப்பா மகள். இந்தத் தொடரில் முன்பே ஓரிரு முறை எட்டிப் பார்த்திருக்கிறாள்; இந்த வாரம் முழுக்க அவளுடையது. சேலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசியைப் பார்த்ததும் யார் மயங்கி விழுவார், யார் தாங்குவார் என்று முகத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அதே கண்ணைத்தான் பஸ்ஸிலும் வைத்திருந்தாள். எச்சில் விழுங்குகிற வேகம், உதட்டோரத்து வேர்வை, பேச்சு நின்றுபோகிற இடம். அவள் எண் தப்புவது அபூர்வம். நான் கல்லூரி சேர்ந்ததிலிருந்து அவளோடு போய்வந்தேன். பாதி பஜ்ஜியை அவளுக்குத்தான் வாங்கித் தந்திருப்பேன்.

அவள் கைப்பையில் எப்போதும் ஆரஞ்சுத் தோல் இருக்கும். எங்கள் தோட்டத்துத் தோல். பிழிந்து மூக்கருகே பிடித்தால் புரட்டல் அடங்கிவிடும். உடைந்த பிறகு தருவதற்காக வைத்திருப்பாள்.

மறுநாள் ஞாயிறு. அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

ஏற்கெனவே நாலு குடும்பம் வந்து போயிருந்தது. நாலும் ஒரே காரணம் சொல்லித் தட்டிக்கழித்தன. "பொண்ணு தங்கமுங்க. ஆனா ஒரு நல்லது கெட்டதுன்னா இந்த மலையை ஏறி எறங்க முடியுமுங்களா?" இப்போது ஐந்தாவது. ஓமலூர்க்காரர், பெயர் சிவராஜ், தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். அனுப்பிய போட்டோவில் ஸ்டூடியோக்காரர் முகத்தை வெண்ணெயாக்கிவிட்டதால் ஆள் எப்படி என்று தெரியவில்லை. ஆனால் இரண்டு தடவை போனில் பேசியிருந்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் என்று அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு, அதே மாதிரி ஒரு தடவை 'சரிங்க' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இதுவும் தட்டிப்போனால் இனி யாரும் வர வேண்டாம் என்று பெரியம்மாவிடம் தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

நல்லா வேணும்

அடுத்தவர் அவதியில் வருகிற சந்தோஷத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று நான் கொஞ்ச நாள் தேடியிருக்கிறேன். அற்ப சந்தோஷம் என்போம். அது திட்டு, பெயர் அல்ல. உண்மையான பெயர் நாம் தினமும் வாய்விட்டுச் சொல்வதுதான்: நல்லா வேணும்!

அந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பசித்தால் சோறு வேணும். தூக்கம் வந்தால் பாய் வேணும். அதே வேணும்தான் இங்கேயும். வழுக்கி விழுந்தவனுக்கு அந்த அடி தேவையாக இருந்தது, அவனே கேட்டு வாங்கிக்கொண்டான், நாம் வெறுமனே பக்கத்தில் நின்றோம். எவ்வளவு வசதியான சொல்! நம் கைக்கு ஒட்டாமல் சந்தோஷத்தை மட்டும் உரித்து எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது ஒரு வாதமும் இருந்தது. கல்லூரியில் யாராவது இந்த ஆட்டத்தைப் பற்றி முகம் சுளித்தால் படபடவென்று ஒப்பிப்பேன். சனி ஞாயிறுகளில் மேலே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டில் உடைத்துப் போடுகிறார்கள், காபிச் செடிக்குள் வண்டியை விடுகிறார்கள், "இங்க நெட்வொர்க்கே இல்லையா, நீங்கல்லாம் எப்படித்தான் உயிரோட இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். படிப்பு, பணம், பேச்சு எல்லாவற்றிலும் அவர்கள் மேலே. இந்த இருபது வளைவில் மட்டும் நாங்கள் மேலே. எங்கள் வயிறு அசையாது. நாங்கள் யாரையும் தள்ளவில்லை, மலை தள்ளுகிறது. பார்த்துச் சிரிக்கக்கூட உரிமை இல்லையா?

இந்த வாதத்துக்குப் பழைய வேர் ஒன்று உண்டு.

துரையைத் தாலாட்டியவர்கள்

ரோடு போடுவதற்கு முந்தின காலத்தில் வெள்ளைக்காரத் துரைகளை நாற்காலியில் வைத்து மூங்கில் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தூக்கியவர்களில் எங்கள் முப்பாட்டன் ஒருவர். இது வீட்டில் வழிவழியாக வருகிற கதை. எவ்வளவு நிஜம், எவ்வளவு புளுகு என்று என்னைக் கேட்காதீர்கள்.

நல்ல துரையென்றால் நாலு பேரும் ஒரே சீராக அடி வைப்பார்களாம். நாற்காலியில் இருக்கிறவர் தூங்கிவிடுவார். வாய்க்கு வந்தபடி திட்டுகிற துரையென்றால், முன்னால் போகிறவர் லேசாக ஒரு கனைப்பு கனைப்பார். அவ்வளவுதான். முன்னால் இருக்கிற இரண்டு பேர் ஒரு காலும் பின்னால் இருக்கிற இரண்டு பேர் மறு காலுமாக மாற்றி வைப்பார்கள். நாற்காலி தொட்டில் மாதிரி ஆடும். கொஞ்ச தூரத்தில் துரைக்குக் கண் சொருகும், முகம் பச்சையாகும், குடித்த சாராயமெல்லாம் பள்ளத்தாக்குக்குப் போகும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் துரைக்குத் தாலாட்டு.

திட்டியவனைத் திருப்பித் திட்ட முடியாதவர்களுக்கு அந்தக் கனைப்பு என்னவாக இருந்திருக்கும்! நினைக்கும்போதெல்லாம் என் தோளில்கூட ஒரு மூங்கில் அழுத்துகிற மாதிரி இருக்கும். கூடவே சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அவர்கள் ஆளைப் பார்த்து ஆட்டினார்கள். நாங்கள் பஸ்ஸில் ஆளைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தோம், உதட்டைப் பார்த்தோம், எண் சொன்னோம்.

நகரும் படி

இன்னொரு கிளைக் கதை. ஒரு நேர்காணலுக்காகச் சென்னை போயிருந்தேன். பெரிய கட்டடம் ஒன்றில் நகரும் படிக்கட்டு. எனக்கு அதில் ஏறத் தெரியாது. படிகள் தரைக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து வருகின்றன; எதன்மேல் கால் வைப்பது? வைக்கப் போனேன், எடுத்தேன். மறுபடி வைக்கப் போனேன். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை வைத்தேன். அது மட்டும் மேலே போனது. நான் போகவில்லை.

விழுந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோது அந்த முகங்களில் இருந்த வெளிச்சம் எனக்கு நன்றாகத் தெரிந்த வெளிச்சம். சரசக்காவின் முகத்தில், மணி அண்ணன் முகத்தில், பஸ் கண்ணாடியில் தெரிகிற என் முகத்தில் நான் பார்த்ததுதான். ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள், ஒரு பெண் என் துப்பட்டாவைத் தட்டிவிட்டாள். நான் மலையேறி வீட்டுக்கு வந்தேன், அடுத்த வாரமே பஸ்ஸில் எண் சொன்னேன். அதுதான் விசித்திரம். நமக்கு நடந்தது வேறு ஒரு அலமாரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மறுபடி பஸ்ஸுக்குள்

எட்டாவது வளைவு போயிற்று. குல்லாக்காரர் உடைக்கவில்லை. சரசக்கா 'ச்சே' என்றார்.

பத்து. மணி அண்ணன் உதட்டைப் பிதுக்கினார்.

பதினொன்று வந்தபோது நான் அக்காவைத்தான் பார்த்தேன். பஸ் ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சுப் பிடித்து, நிமிர்ந்தது. முன் சீட்டுக்காரர் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். மாஸ்க்குக்குள் அவர் உதடு அசைவது தெரிந்தது. வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பூங்கொடி தோத்துட்டா டோய்!" என்று சரசக்கா துள்ளினார். தன் தோல்விகூட அவருக்கு மறந்துவிட்டது.

"ஏனுங்க சார்" என்று மணி அண்ணன் போய் அவர் பக்கத்தில் நின்றார், குரலில் தேன் ஒழுக. "வண்டியை ஓரங்கட்டச் சொல்லட்டுங்களா?"

அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறக்கப் பயம்.

பன்னிரண்டு தாண்டியதும் அக்கா கைப்பையைத் திறந்து ஆரஞ்சுத் தோலை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பதினாலில் நானும் தோற்றேன். இனி யாருக்கும் பஜ்ஜி இல்லை, ஆட்டம் முடிந்தது. ஆனால் யாருமே கண்ணை எடுக்கவில்லை. "தேங்காய் கெட்டிதான் போ", "கொப்பரை ஆயிருச்சோ என்னமோ", "இன்னும் ஆறு வளைவு இருக்குது, பொறுங்க" என்று பின்னாலிருந்து குரல்கள். வெளியே ஒன்றுமே இல்லை. உலகம் மொத்தமும் பஸ்ஸுக்குள் வந்து, அந்த ஒரு குல்லாவின் பின்பக்கத்தில் குவிந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அக்கா, குடுத்துரலாமா?" என்றேன்.

"இரு கண்ணு. இன்னும் ஒடையல."

பதினெட்டாவது வளைவில் மேலேயிருந்து ஒரு கார் ஹாரன் அடிக்காமல் இறங்கியது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். அவ்வளவு தூரம் கட்டிக் காத்ததெல்லாம் அந்த ஒரு குலுக்கலில் போயிற்று.

"ஒடஞ்சிருச்சு!" என்று பஸ்ஸே கூவியது. யாரோ கைகூடத் தட்டினார்கள். அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பிறகு வழக்கம்போல அன்பு. தண்ணீர் போயிற்று, எலுமிச்சை போயிற்று. அக்கா முன்னால் போய்க் குனிந்து தோலை நீட்டினாள். "பிழிஞ்சு மூக்குகிட்ட வெச்சுக்கோங்க. இனி ரெண்டு வளைவுதான்."

அவர் கண்ணில் நீர் முட்ட நிமிர்ந்தார். "நொம்ப தேங்க்ஸுங்க."

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் முகம் அவருடைய காதைவிட வெளுத்திருந்தது.

"என்னக்கா?"

"அந்தக் குரல்" என்றாள்.

வந்த வழியே

ஏற்காட்டில் இறங்கினோம். அவரும் இறங்கினார். ஏரியைப் பார்க்கப் போகவில்லை, ரூம் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து, சேலம் இறங்குகிற பஸ்ஸில் ஏறி, அதே முன் சீட்டில் உட்கார்ந்தார்.

"வந்த கையோட திரும்பிப் போறாரே, எதுக்கு வந்தாராம்?" என்றேன்.

அக்கா அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லாமலே எனக்கு மெதுவாக உறைத்தது. நாளைக்குப் பெண் வீட்டுக்கு முன்னால் வேனிலிருந்து இறங்கும்போது அசிங்கப்பட்டுவிடக் கூடாது என்று, யாருக்கும் தெரியாமல், ஒரு நாள் முன்னதாகவே வந்து வயிற்றுக்கு ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறார் மனிதர்.

சரசக்கா தன் காசில் வாங்கிய பஜ்ஜிப் பொட்டலத்தை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "நான் தலையில சால்வை போட்டிருந்தேன்ல? மூஞ்சி தெரிஞ்சிருக்காதுல்ல?" என்று வீடு வரைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி குடிப்பார்கள், பலகாரம் தின்பார்கள், சோறு சாப்பிட மாட்டார்கள். சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் பெண் வீட்டில் சமைக்கவும் வேண்டும், சமைத்தது தெரியவும் கூடாது. நாலு தடவை பெரியம்மா அப்படிச் சமைத்து, நாலு தடவையும் அந்தச் சோற்றை நாங்களே தின்று தீர்த்திருக்கிறோம்.

வேன் வந்தது. முதலில் இறங்கியது அவர்தான், வெள்ளைச் சட்டையில், மயிரிழைகூடக் கலையாமல். முதல் நாளிலிருந்தே பட்டினி கிடந்திருக்கிறார் என்று கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது. குல்லா இல்லாமல் பார்க்க நல்ல முகம். வெண்ணெய் எல்லாம் இல்லை; நல்ல மாநிறம்.

"வா அம்மிணி, இப்படி உக்காரு" என்று அவர் அம்மா அக்காவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அக்கா நிமிரவே இல்லை. வாயையும் திறக்கவில்லை. எது கேட்டாலும் தலையாட்டல்தான். வெட்கம் என்று அவர்கள் நினைத்தார்கள். பயம் என்று எனக்குத் தெரியும். சிவராஜும் ஒன்றிரண்டு முறை பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

தப்பித்துவிட்டோம் என்று நான் காபியை வாயில் வைத்தேன்.

அவர் அம்மா தாம்பாளத்தைச் சரி செய்து வைத்துவிட்டு, நல்ல மனதோடு, கணீரென்று கேட்டார்: "ஏனுங்க, மொதல்ல தேங்காயை ஒடச்சுட்டு அப்புறம் பேச ஆரம்பிக்கலாமுங்களா?"

காபி எனக்கு மூக்கு வழியாக வந்தது.

ஒருவருக்கும் புரியவில்லை. பெரியம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். ஆனால் சிவராஜ் என்னைப் பார்த்தார். பிறகு, தலை குனிந்து, தோள் குலுங்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். காலண்டர் பக்கம் அவர் மறுபடி திரும்பவே இல்லை.

"அம்மா, நான் இவங்ககூடக் கொஞ்சம் தனியாப் பேசோணும்" என்றார்.

காபிச் செடிகளுக்கு நடுவே

தனியாக என்றால் எங்கள் வீட்டில் என்னையும் சேர்த்துத்தான். தோட்டத்தில் அவர்கள் நின்றார்கள். நான் ஒரு மிளகுக் கொடிக்குப் பின்னால், மரியாதையான தூரத்தில், ஒரு வார்த்தைகூடத் தவறாமல் காதில் விழுகிற இடத்தில் நின்றேன். மேகம் அப்போதுதான் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. செடிகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன.

"நேத்து அந்த பஸ்ஸுல இருந்தீங்களா?"

"இருந்தனுங்க."

"தேங்காய்னு சொன்னது என்னையத்தானுங்களா?"

"ஆமாங்க."

"யாரோ தேங்காய் மூட்டை ஏத்தியிருக்காங்கன்னு நெனச்சனுங்க. உருண்டு வந்து கால்மேல உளுந்துரப் போவுதுன்னு காலை வேற தூக்கித் தூக்கி வெச்சுக்கிட்டேன்."

அக்காவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க எத்தனைன்னு சொன்னீங்க?"

"பதினொண்ணு."

"நான் பதினெட்டு வரைக்கும் போனேன்" என்றார். அதில் ஒரு பெருமை இருந்தது. பெருமை சீக்கிரம் வடிந்தும் போயிற்று. "ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த ஆரஞ்சுத் தோலு. அது முன்னாடியே உங்க பையில இருந்துச்சுங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரோ கொடுத்தார்கள், கீழே கிடந்தது, எதுவேண்டுமானாலும். நான் மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு, சொல்லிரு, சொல்லிரு என்று மனதுக்குள் அவளை உந்தினேன்.

"இருந்துச்சுங்க" என்றாள் அக்கா. "பன்னெண்டாவது வளைவுல இருந்து கையிலயே வெச்சிருந்தேன்."

"குடுத்திருக்கலாமுங்களே."

"குடுத்திருக்கலாமுங்க."

மேகம் இப்போது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் குரல்களை மட்டும் கேட்டேன்.

"எனக்குக் கோவமில்லீங்க. சிரிச்சதுக்குக்கூட ஒண்ணுமில்ல, நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன். ஆனா நாளைக்கு நான் எங்காச்சும் சறுக்கி உளுந்தா, கடை நொடிச்சுப் போனா, ஒரு வார்த்தை தப்பாப் பேசி நாலு பேரு முன்னாடி நின்னா, நீங்க மொதல்ல சிரிப்பீங்களா, கை குடுப்பீங்களா? அதையே நெனச்சுக்கிட்டு இருப்பனே."

எங்கோ ஒரு இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"சிரிப்பு வருமுங்க" என்றாள் கடைசியில். "வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அடக்கத் தெரியாது, இப்பக்கூட மூட்டை உருளும்னு காலைத் தூக்கினீங்கன்னு சொன்னப்ப வந்துச்சு. ஆனா கை முந்திக்கும். சிரிப்பு முடியற வரைக்கும் இனிக் கை காத்துக்கிட்டு இருக்காது. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அவர் வீட்டைப் பார்த்து நடந்தார்.

வாசலில்

மகன் முகத்தைப் பார்த்ததும் அவர் அம்மா பையைத் தூக்கிவிட்டார். "அப்ப நாங்க ஊருக்குப் போயிப் பேசிட்டு போன் பண்றமுங்க" என்றார். நாலு தடவை கேட்ட அதே வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. பெரியம்மா "சரிங்க, பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த தாம்பாளத்தையே முந்தானையால் மறுபடி துடைத்தார்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். மற்றது வெறும் காலாகவே நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாட்டிய செருப்பையும் கழற்றினார்.

"அம்மா, பசிக்குது" என்றார்.

"வண்டியில பிஸ்கட் இருக்குதுடா."

"பிஸ்கட் வேண்டாம். சோறு."

எல்லோருக்கும் அர்த்தம் தெரியும். நம்புவதற்குத்தான் நேரம் பிடித்தது. முதலில் ஓடியது பெரியம்மா. இலை வந்தது, தண்ணீர் வந்தது. ஒளித்து வைத்திருந்த குண்டானெல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வந்தது. அவர் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா பரிமாறினாள். கரண்டி அவர் கையில் இடித்துப் பருப்பு கொஞ்சம் அவர் வெள்ளைச் சட்டையில் சிந்தியது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவள் கையில் அதற்குள் ஈரத் துணி இருந்தது.

ஒரு வாய், இரண்டு வாய் அல்ல. முந்தின நாள் பசி, அன்றைய பசி எல்லாம் சேர்த்து அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அவர் அம்மாவுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. "டேய் சாமி, எறங்கோணும்டா. கொஞ்சமாத் தின்னு. சொன்னாக் கேளு."

அவர் நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வைங்க அத்தை."

வெளியே மேகம் வேனை முழுசாக மூடிவிட்டது. அதற்குக் கீழே எங்கேயோ இருபது வளைவுகளும் அப்படியே இருந்தன. ரசத்துக்கு அவர் மறுபடி சோறு கேட்டார்.